நூற்றைம்பது மீட்டருக்குக் கீழே

பாயான் லெப்பாஸ் ஓடுபாதையின் வேலிக்கு வெளியே
நான்கு பலகைகளை மல்லாத்திப் போட்டிருக்கிறார்கள்,
கால் இல்லாத கட்டில் மாதிரி.
இதுதான் ரேடார் என்றால்
சாப்பாடு கொண்டுவரும் பையன் நம்புவதில்லை.
"சுத்தவே இல்லையே, அக்கா."

சுற்றாது.
நேரே மேலே பார்க்கும்,
கொஞ்சம் கிழக்கே சாயும், கொஞ்சம் வடக்கே,
மறுபடி மேலே.
மழை பிடிக்கும் ரேடார் வேறு. வெள்ளை உருண்டைக்குள்
இருக்கும், செய்தியில் வரும்.
இது வெறுங்காற்றைக் கேட்பது.
நூறில் ஒரு பங்கு நேரம் பேசும்,
மிச்சம் தொண்ணூற்றொன்பதும் காது.
என் வீட்டில் யாரும் அப்படி இல்லை.

வெறுங்காற்றில் என்ன இருக்கிறது திருப்பி அனுப்ப?
தே ஓ கிளாஸில் சர்க்கரை கரையும்போது
அடியில் ஒரு நெளிவு தெரியுமே, அது.
ஈரம் கூடிய இடத்துக்கும் குறைந்த இடத்துக்கும் நடுவில்
காற்று நெளிகிற நெளிவு.
அதில் பட்டுத் திரும்புவது அநேகமாக ஒன்றுமில்லை.
ஆயிரம் தடவை அனுப்பி
ஆயிரம் ஒன்றுமில்லைகளைக் கூட்டினால்
ஒரு வாக்கியம் தேறும்:
தென்மேற்கு, விநாடிக்கு நான்கு மீட்டர்.

ஒரு குறை உண்டு.
பேசும்போது அதற்குக் கேட்காது.
வாயை மூடிக் காதைத் திறப்பதற்குள்
பக்கத்தில் பட்டது வந்து, போய்விடும்.
முதல் நூற்றைம்பது மீட்டர், ஆகவே, இல்லை.
நாசி கண்டார் கடைகளின் ஆவி,
பாலத்தில் பறக்கும் பைக்குகள்,
பதினேழாம் மாடியில் துணி உலர்த்தும் நான்,
எல்லாரும் திரையின் அடியில்
ஒரு சாம்பல் நிறப் பட்டை.

ஏழாம் மாதக் கடைசி இரவு.
ஷிஃப்டில் நானும் ஊய் போ செங்கும்.
மார்ச்சில் அவன் அம்மா போய்விட்டார்.
பத்து மாவுங்கில் அண்ணன் எரிக்கிறான்:
காகித வீடு, அதில் காகித லிஃப்ட்
(நான்கு மாடி ஏறியே முட்டி தேய்ந்தவர்),
காகித ரைஸ் குக்கர்.

பதினொன்று இருபதுக்கு
முந்நூற்று நாற்பது மீட்டரில் ஏதோ.
மேகம் இல்லை. ஈசலா? மழை பெய்து நான்கு நாள்.
பறவை என்றால் குறுக்கே போகும்,
இது ஏறிக்கொண்டிருந்தது.
தென்கிழக்கிலிருந்து மெல்ல வந்து
அறுநூறில் முட்டி நின்றது.
இரவில் அங்கே வெப்பம் ஒரு மூடி போடும்.
மூடியின் அடியில் படர்ந்தது, பாலாடை போல.

கோப்பியோடு வந்த போ செங் பார்த்தான்.
பையை மேசையில் வைக்க மறந்து பார்த்தான்.
போனில் ஹொக்கியனில் இரண்டு வார்த்தை கேட்டான்.
"பதினொன்னு பத்துக்காம்" என்றான் என்னிடம், மலாயில்.

விதி தெளிவானது.
காற்று அல்லாத எதிரொலியைக் குறித்து நீக்க வேண்டும்.
இறங்கப் போகும் விமானத்துக்கு
யாருடைய வீட்டு லிஃப்டும் தேவையில்லை.
விரல் பொத்தானில் இருந்தது.
ஒரு சுற்று ஆறு நிமிடம்.
இரண்டு சுற்று விட்டேன்.

அவனே சொன்னான்:
"அழிச்சிடு, யோகமலர்.
அம்மாவுக்கு ரேடார்னாலே பயம்.
முடி கொட்டும்பாங்க."
சிரித்தோமா என்று நினைவில்லை.
அழித்தேன்.

ஒரு மணிக்குமேல் அது இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.
மூலப் பதிவில் மங்கலாக நானூறு,
இருநூற்றைம்பது,
பிறகு சாம்பல் பட்டை.
அங்கே என்ன ஆயிற்று என்று சொல்ல
என்னிடம் கருவி இல்லை.

நான்கரைக்கு சுமத்ராக் காற்று நீரிணையைத் தாண்டி வந்தது.
எல்லா உயரத்திலும் அம்புகள் ஒரேயடியாகத் திரும்பின.
எச்சரிக்கை அனுப்பினோம், மழை கூரையை உடைத்தது,
ஆறரைக்கு ஓய்ந்தது.

வெளியே அவன் காரின் கண்ணாடியில்
கறுத்து வழிந்த கோடுகள்.
ஜெட் புகையாக இருக்கலாம். எப்போதும் உண்டு.
உள்ளே உட்கார்ந்து
வைப்பரில் கைவைத்தபடி இருந்தான் கொஞ்ச நேரம்.
பிறகு போட்டான்.
ரோடு தெரிய வேண்டுமே.