அறுபத்தேழாம் நிமிடம்

இடது காலால் அடித்தான்.
அந்த இடது காலை எனக்குத் தெரியும்,
பதினொரு வருசம் என் முன்னால் ஓடிய கால்.
தெரிந்தும் வலப்பக்கம் பாய்ந்தேன்.
மீன்வலையை வெட்டிக் கட்டிய எங்கள் கோல்வலை
ஒருமுறை வயிறு ஊதி அடங்கிற்று.

அம்பிளாந்துறைப் பொடியனுகள்
யானைக்கென்று கொடுத்த வெடியைக் கொளுத்திப் போட்டார்கள்.
குருக்கள்மடத்துக் காகம் முழுவதும்
தென்னையை விட்டு எழும்பிற்று.
அவன் மட்டும் ஓடவில்லை.
இரண்டு உள்ளங்கையையும் எங்களுக்குக் காட்டி
தலையைக் குனிந்து
கடன் கேட்டு வந்தவன் போல
நடுக்கோட்டுக்கு நடந்தான்.

விதுசாந்தன்.
போன வைகாசியில் கலியாணம் கட்டிப்
பாதை ஏறிப் படுவான்கரைக்குப் போனவன்.
எங்கட பக்கத்து வழக்கம் அது,
ஆம்பிளைதான் பெட்டி கட்டுவான்.
பெட்டிக்குள் பூட்ஸும் போயிற்று.
ஒன்பதாம் இலக்க ஜேர்சியை மட்டும்
கழக அறை மேசையில் மடித்து வைத்திருந்தான்,
கழுவி.

"மரியாதைடா அது," என்றான்
பின்வரிசையில் நின்ற கேதீஸ்,
"பிறந்த ஊருக்கு அடிச்சிட்டு ஆர் துள்ளுவான்?"

மரியாதை செத்த வீட்டுக்கு.
நான் சாகவில்லை, மச்சான்.
ஒரு கோல் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

துள்ளியவர்களைக் கண்டிருக்கிறேன்.
கரணம் போட்டு மணிக்கட்டை முறித்தவன்.
ஜேர்சியைக் கழற்றிச் சுழற்றி
இரண்டாம் மஞ்சள் அட்டையோடு
வெறும் மேலாய் வெளியே போனவன்.
கொடி உயர்ந்தது தெரியாமல்
மூலைவரை ஓடி முழங்காலில் சறுக்கி
பிறகு அங்கேயே குந்தியிருந்து
கொஞ்ச நேரம் புல் பிடுங்கியவன்.
களுதாவளையில் ஒருத்தன்
என் முகத்துக்கு நேரே வந்து
வாயில் விரல் வைத்து உஷ் என்றான்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை.
அவனுக்கு அடிக்க வேண்டுமென்று
மூன்று நாள் திரிந்தேன்.
கூடாதுதான் அப்படி.
ஆனாலும் அவன் என்னைக் கண்டான்.
இந்த ஆளைத் தாண்டித்தான் போட்டேன் என்று
அந்த விரல் சொன்னது.

இவன் கையைக் காட்டியபோதோ
கம்பங்களுக்கு நடுவில்
ஆரும் இல்லை.
தோல் போன முழங்கையோடு
ஆரும் இல்லாத இடத்தில்
நான் படுத்திருந்தேன்.

"கத்தடா!" என்றேன்.
றெபரி நஸ்மல் திரும்பிப் பார்த்தார்,
மறுகா மணிக்கூட்டைப் பார்த்தார்.
"கத்து மச்சான், வெட்கப்படாமக் கத்து.
அங்க உன்ட பொஞ்சாதி குடையோட எழும்பி நிக்கிறா.
நீ ஆருக்கு அடிச்சாய் எண்டு
அவவுக்குத் தெரிய வேணாமா?"
கட்டியிருந்த லேசை அவிழ்த்து
அவன் திரும்பவும் கட்டினான்.

ஒன்றுக்குப் பூச்சியம்.
கை கொடுக்க வந்தபோது
"மன்னிச்சுக்க" என்றான்.
"என்னத்துக்கு?" என்றேன்.
அவனிடம் பதில் இல்லை.
என்னிடமும்தான்,
கேள்வி மட்டும் கோபமாய் வந்திருந்தது.

துறைக்கு நான் போயிருக்கத் தேவையில்லை.
போனேன்.
ஆறேகால் பாதையில் ஏறினார்கள்:
மோட்டார்சைக்கிள்கள், கிண்ணம்,
ஆருடையதோ இரண்டு ஆடு,
பின்கம்பியில் சாய்ந்து
எங்கள் கரையைப் பாராமல் அவன்.
வாவி கறுத்துக்கொண்டு வந்தது.
எழுவானும் இல்லை படுவானும் இல்லை என்கிற
நடுத்தண்ணிக்குப் பாதை போய்ச் சேர்ந்தபோது
அங்கிருந்து எழும்பிற்று
ஒற்றைத் தொண்டை.

கோ......ல்!

ஆரோ சிரித்தார்கள். ஒரு ஆடு கத்தியது.
முக்கால் மணித்தியாலம் பிந்திய சத்தம்
தண்ணியில் சறுக்கி
என் கால்மாட்டில் வந்து நின்றது.

வாய் நிறையத் தூசணத்தில் ஏசினேன் அவனை.
அப்போதுதான்
முழங்கை எரியத் தொடங்கிற்று.