பின்சீட்டில் ஒன்பது முட்டை

பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில்
கடனோடு கடனாக நின்றதை
இருபத்தோராயிரத்துக்கு எடுத்தேன்.
ஆர்சி புத்தகத்தில் ஃபியட், ஐம்பத்தெட்டு மாடல்.
பின்சீட்டில் ஒரு நாட்டுக்கோழி
ஒன்பது முட்டைமேல் அடையிருந்தது.
"பொரிச்சு முடியட்டுங், பொறவு வண்டிய எடுத்துக்குங்க"
என்றார் பண்ணைக்காரர்.
பதினோரு நாள் காத்திருந்தேன்.
ஏழு குஞ்சு.

இருகூர்க் கொட்டகையில் லாரியிலிருந்து இறக்கியபோது
தரைத்தகட்டின் வழியே மண் தெரிந்தது.
துருவுக்கு ஒரே நிறம் என்று நினைத்திருந்தேன்.
கதவடியில் வெல்லப்பாகு,
மட்கார்டில் ஈரோட்டுச் சந்தையின் பழைய மஞ்சள்,
பானட் மடிப்பில் செம்மண் காடு.
விரல் வைத்தால் அப்பளம்.
வீட்டுக்காரர் சுற்றி வந்து
ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:
"எத்தன கிலோ தேறும்?"

யாரையும் நான் கூப்பிடவில்லை.
டிக்கி மூடிக்கு ரப்பர் வார் தேடி
உக்கடத்தில் பழைய இரும்புக்கடை வாசலில் நின்றேன், அவ்வளவுதான்.
"முன்கதவு எந்தப்பக்கம் திறக்கும்?" என்றார் முபாரக்.
எதிர்ப்பக்கம் என்றேன்.
தராசை மைத்துனனிடம் விட்டுவிட்டு
என் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஐந்து பேர்.

துளசிமணி, திருப்பூர்ச் சாயப்பட்டறையில் கெமிஸ்ட்,
ஒரு கேன் அமிலத்தோடு வந்தாள்.
"ஆறு நாள் துணிக்கு நிறம் ஏத்தறேன்,
ஒரு நாளாச்சும் எறக்கறனே."
கரூரில் பஸ் பாடி கட்டும் பிலோமின்ராஜ்
சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்தார்.
"தகடே இல்லீங்க.
பெயிண்டுதான் இத்தன வருசமா நிக்குது."
கணபதியிலிருந்து லேத் சென்னியப்பன்
மூன்றுமுறை மைக்ரோமீட்டரில் அளந்ததைக்
கணுக்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனார்.
குளித்தால் அழியுமே என்றேன்.
"செவ்வாக்கெழமதான் குளிப்பேன்" என்றார்.
அது வேடிக்கையா என்று இன்றுவரை தெரியாது.

ஐந்தாமவர் அர்த்தநாரி. திருச்செங்கோடு.
மூன்று ரிக் வண்டி, பேச்சு குறைவு.
இதே மாடல் அவரிடமும் ஒன்று உண்டாம்,
ஒன்பது வருடமாக ஓடவில்லையாம்.

சீட்டைப் பிரித்த அன்றைக்கு
ஸ்பிரிங்குக்குள் உருண்டிருந்த கூமுட்டை ஒன்று வெடித்தது.
மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம்,
பிலோமின்ராஜைத் தவிர.
அவருக்கு வெல்டிங் பாதியில் இருந்தது.

நிறத்தில்தான் சண்டை வந்தது.
துளசிமணிக்குக் கிரீம்.
அர்த்தநாரிக்குக் கம்பெனி கொடுத்த சாம்பல், வேறு பேச்சில்லை.
வண்டி என்னுடையதுதானே என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.
டீ வருவதற்குள் எழுந்து போனார்.
இரண்டு ஞாயிறு வரவில்லை.

அதற்குள் வாட்டர் பம்ப் விண்டிருந்தது தெரிந்தது.
சந்துக்குச் சந்து பம்புசெட் செய்கிற ஊர்.
கையகலப் பம்ப் ஒன்று கிடைக்கவில்லை.
சிங்காநல்லூர், காந்திபுரம், உக்கடத்து மூட்டைகள்,
முபாரக் ஊருக்கெல்லாம் போன் போட்டு ஓய்ந்தார்.

மூன்றாம் ஞாயிறு அர்த்தநாரி வந்தார்,
செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு.
போல்ட்டில் கிரீஸ் இன்னும் ஈரம்.
எந்த வண்டியிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை.
"கடந்தானுங். திருப்பிக் குடுத்தரோணும்."
இருபது வருடம் கூட்டுறவு வங்கியில் கடன் எழுதுகிறேன்.
இதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?
சாம்பலே அடித்தோம்.
துளசிமணி சீட்டுக்குக் கிரீம் தைத்துக்கொண்டாள்.

முதல் ஓட்டம் திருச்செங்கோட்டுக்கு.
சங்ககிரி தாண்டவில்லை, இருமி நின்றது.
லாரிக்காரர்கள் இறங்கி வந்து
ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
நாங்கள் தள்ளினோம், வேர்த்து, சிரித்து.
எதிரே வந்து காத்திருந்த அர்த்தநாரி தள்ளவில்லை.
பானட்டைத் திறந்து தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"எம்பட பம்பு நல்லாத்தான் இருக்குது."

நேற்று துடைக்கும்போது
இடது கதவின் உள்மடிப்பில்
கடுகளவு பழுப்பு ஒன்று கண்ணில் பட்டது.
துடைக்காமல் விட்டேன்.
பிலோமின்ராஜ் வரட்டும்,
ஞாயிறு.