நாலு மூக்கு

மஞ்சள் விளக்கு எரிந்தது
ரெம்ஷைட் ஏற்றத்தில், விடிய நாலு ஐம்பதுக்கு.
நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தேன்.
எரிந்தது.
பின்னால் வந்த பால் லொறிக்குத் தெரியாது,
எனக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மட்டும்
ஒரு சின்னக் குற்றம்போல.

யுஜெல் கணினியைச் செருகினான்.
ஸோலிங்கன் ரயில் பாலத்தடியில் அவன் கொட்டகை;
மேலே வண்டி போகும்போதெல்லாம்
சுவரில் மாட்டிய ஸ்பனர்கள் சிணுங்கும்.
"இடது பக்கம், முன்னால் உள்ளது," என்றான்.
"சாகவில்லை. சோம்பல்."

இந்தக் காருக்கு நாலு ஒக்சிஜன் சென்சராம்.
காருக்கு இருபத்தொரு வயது.
எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.
எஞ்சின் வாயருகே நின்று
புகையை மோந்து மோந்து
பெட்ரோலைக் கூட்டு, குறை என்று சொல்பவை இரண்டு.
புகையைச் சுத்தம் செய்யும் பெட்டிக்கு அப்பால் நின்று
நடந்தது சரியா என்று மட்டும் பார்ப்பவை இரண்டு.
முதியோர் இல்லத்தில் பதினாலு வருடம் வேலை செய்கிறேன்.
இந்த ஏற்பாடு எனக்கு உடனே விளங்கியது.

"ஒன்று போதும்.
ஆனால் நாலும் ஒரே நாளில் பிறந்தவை.
வலது பக்கமும் இதே சோம்பலைப் பழகிக்கொண்டிருக்கும்."
ஒன்று நூற்றி இருபத்தெட்டு யூரோ.
காரை விற்றால் எண்ணூறு.
பரிசோதனைக்குப் பதினொரு நாள்.

லாச்சப்பலிலிருந்து தம்பி தவநேசன்:
"நாலையும் மாத்து அக்கா, பிறகு தலையிடி இல்லை."
கார் இல்லாதவன். மெட்ரோவில் போகிறவன்.
கீழ்வீட்டு ஃப்ராவ் ஹெங்ஸ்ட்:
"விளக்கின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டேன்."
சர்வேஸ்வரன் ஒன்றும் சொல்லவில்லை.
வங்கிக் கணக்கைத் திறந்து
போனை என் பக்கம் திருப்பி
உப்புக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தார்.

காலை மாத்திரைகளை அடுக்கும்போதும் அதே கணக்கு.
பத்தாம் அறை ஹெர் ப்ரோம்பாஹ்
ஒரு கண்ணில் புரை எடுத்தார், மற்றதை விடமாட்டேன் என்றார்.
"ஒன்று உங்களைப் பார்க்கட்டும்.
மற்றது என் மனைவியை வைத்திருக்கட்டும்."
அவருடைய நீல மாத்திரையைத் தவறிப் பதினொன்றில் போட்டேன்.
எடுத்துத் திரும்ப வைத்தேன்.

ஒன்றை மட்டும் மாற்றினால்
ஒரு பக்கம் துள்ள, மறுபக்கம் இழுபடும்.
நாலையும் மாற்றினால்
அடுத்த மாதம் கியர்பொக்ஸ் சிரிக்கும்.
அப்படியென்றால் இரண்டு. முன்னால் நிற்பவை.
பார்த்துக்கொண்டிருப்பவை
பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

சனிக்கிழமை.
இடது பக்கத்தது எண்ணெய் குடித்து
பெருமூச்சுவிட்டுக் கழன்று வந்தது.
வலது அசையவில்லை.
சூடு காட்டினான், செக்கச் சிவக்கும்வரை.
குழாயைச் செருகி நீட்டிய ஸ்பனரில்
தன் முழுப் பாரத்தையும் தொங்கவிட்டான்.
கத்திக்குப் பேர்போன ஊரில்
ஒரு துரு விட்டுக்கொடுக்கவில்லை.

"இன்னும் இழுத்தால் புரி போகும்.
புரி போனால் குழாய் போகும்.
குழாய் போனால்..."
மேலே ரயில் போனது. ஸ்பனர்கள் சொல்லி முடித்தன.

திரையில் அதன் அலையைக் காட்டினான்.
ஏறியது, இறங்கியது,
புதியதற்கு அரை நொடி பின்னால்,
படியில் கைப்பிடி தேடி இறங்குகிறவர்போல.
ஆனாலும் இறங்கி வந்தது.
என்னைப் பார்த்தான்.
கையில் புதியது, உறை பிரித்தது, பளபளவென்று.
"விடு," என்றேன்.

உறை பிரித்ததைக் கடை திருப்பி எடுக்காது.
நூற்றி இருபத்தெட்டு யூரோவைப் பற்றி
சர்வேஸ்வரன் இன்னும் கேட்கவில்லை.
பரிசோதனையில் தேறியது.
விளக்கு எரியவில்லை, இதுவரை.

டாஷ்போர்ட் அறையில்
பார்க்கிங் தட்டு, ஒற்றைக் கையுறை,
அவற்றோடு
புகையே காணாத ஒரு மூக்கு.
ரெம்ஷைட் ஏற்றத்தில் அதன் பெட்டி நழுவித் தட்டும்.
வலது பக்கத்துக் கிழடுக்கு அந்தச் சத்தம்
கேட்குமோ என்னவோ.
கேட்டால் நல்லது.