எண் 2217

பீலஃபெல்ட் நகராட்சிப் பதிவேட்டில்
என் பொறுப்பில் நாலாயிரம் மரங்கள்.
பெயர் வைத்துக் கூப்பிடக் கட்டுப்படியாகாது.
ஓர் அலுமினிய வில்லை, ஓர் ஆணி, ஓர் எண்.

அக்டோபர். செவ்வாய். காலை எட்டு.
மூன்றுமாடி வீடுகளுக்கு நடுவே புல்வெளி.
ஒப்பந்தக்காரர்கள் வந்துபோன தடம் தெரிகிறது:
ஃபோர்சித்தியாவை முட்டையாக்கியிருக்கிறார்கள்.
மல்லிகைக்கு ஒன்றுவிட்ட சொந்தமான லைலாக்கைப்
பெட்டியாக்கியிருக்கிறார்கள்.
வசந்தத்தில் விரிய வேண்டிய மொட்டெல்லாம்
கழிவுத் தொட்டியில் இறுக்கமாக மூடிக் கிடக்கிறது.
நேராக வெட்டியாயிற்று, பில் வந்துவிடும்.

2217, லிண்டன்.
அதன் அடியில் வெள்ளி நிற ஓப்பல்.
என் கோப்பில் ஹெர் லூட்கேயின் பதினோரு கடிதங்கள்:
அசுவினி உறிஞ்சி இலையிலிருந்து சொட்டும் பாகு,
பாகில் ஒட்டும் தூசி, தூசிமேல் படரும் கரி,
ஒட்டிக்கொண்டு முனகும் கண்ணாடித் துடைப்பான்.
எல்லாவற்றுக்கும் புகைப்படம்.
படத்தில் கறைக்குப் பக்கத்தில்
ஓர் அளவுகோல் வைத்திருந்தார்.

சுத்தியலால் தட்டிக்கொண்டே சுற்றி வருகிறேன்.
நல்ல மரம் வலந்தலை மாதிரி, கணீரென்று பேசும்.
தெற்கே கணீர். கிழக்கே கணீர்.
வடக்கே, முழங்கால் உயரத்தில்,
தொப்பி.

மண்டியிட்டேன்.
ஐந்து துளைகள்.
பட்டையின் நிறத்திலேயே மக்கு வைத்து அடைத்து,
மேலே பாசியும் ஒட்டி.
மடக்கு அளவுகோலை விரித்தேன்:
ஒன்றுக்கொன்று ஏழு சென்டிமீட்டர்.
ஐந்துக்கும் அதே ஏழு.
கோபத்தில் துளைக்கும் கை இப்படி நிற்காது.
ரசமட்டம் வைத்து
வரவேற்பறையில் அலமாரி மாட்டுகிற கை இது.

அவர் இறங்கி வந்தார், கையில் மஞ்சள் குப்பைப் பை.
"என்ன சொல்கிறது?" என்றார்,
மரத்தைப் பார்க்காமல்.
"இன்னும் சொல்லவில்லை."
"விழுந்துவிடுமா?"
உள்ளே பொந்தானாலும் மரம் குழாய் மாதிரி நிற்கும்,
ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு சுவர் மிஞ்சினால் போதும்
என்றேன்.
மூன்றில் ஒரு பங்கு, என்று
கடன் பாக்கியைக் கேட்டவர்போல் திருப்பிச் சொன்னார்.
பை சலசலத்தது.
காற்று இல்லை.

படிவத்தில் ஒரு வரிசை: சேதத்தின் காரணம்.
பூஞ்சை, வாகனம், புயல், பிற.
பிற என்பதில் குறியிட்டேன்.
துளைகளின் எண்ணிக்கை, ஆழம், இடைவெளி எழுதினேன்.
பெயர் எழுதவில்லை.
வண்டியில் எல்கே கேட்டாள்:
"உனக்குத் தெரியும், இல்லையா?"
தட்டிப் பார்த்தேன், என்றேன்.
அன்று மாலை வரை அவள் என்னோடு பேசவில்லை.

ஜூன்.
2217 இப்படிப் பூத்து நான் பார்த்ததில்லை.
அது நல்ல சேதி அல்ல.
மூட்டை கட்ட நினைக்கும் மரம்
கையிருப்பையெல்லாம் ஒரே பருவத்தில் இறைக்கும்.
மாடிக்கு மாடி ஜன்னல்கள் திறக்கின்றன,
ஆகா, இந்த வருஷம் என்ன வாசம்!
நான் திருத்தவில்லை.
தேனீக்களையும்.

சாலைக்கு அந்தப் பக்கம்
மூன்று நிறுத்தங்கள் காலி.
ஆனாலும் ஓப்பல் அதே இடத்தில்,
பாகு வழிந்து, கரி படிந்து,
மேற்கூரையெங்கும் பூந்தாள் ஒட்டி.
வாரக்கணக்கில் யாரும் கழுவிய மாதிரி இல்லை.
பன்னிரண்டாவது கடிதம் வரவேயில்லை.
இரண்டாம் மாடித் திரை மட்டும்
எங்கள் ஏணியைக் கண்டதும் ஒருமுறை அசைந்தது.

காய்ந்த கிளைகள் நாலை இறக்கினோம்.
கடைசி வேலை எண் வில்லை.
பட்டை அதன் விளிம்பைக் கடிக்கத் தொடங்கியிருந்தது.
ஆணியை அரை விரல் வெளியே இழுத்து விட்டேன்.
முன்பு இழுத்தது எந்த வருஷம் என்று
பதிவேட்டில் இல்லை.
ஆனால் அரை விரல் வளர்ந்திருக்கிறது,
தெற்குப் பக்கம் மட்டுமாவது.