நாற்பத்தொரு நிமிடம்

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட
இரும்புக்கடைக்கு மேல்மாடி.
ஆறு மேசை, ஏழு பேர்.
எங்கோ ஒரு எழுத்தைத் திருத்தினாலும்
முழுதையும் கட்டத் தொடங்கும் இயந்திரம்:
நாற்பத்தொரு நிமிடம்.
நடுவில் கரண்ட் போனால்
முதலாவது கோப்பிலிருந்து.

அந்த இடைவெளியில் றெஜினோல்ட்
பிளேன்ரீ குடித்து,
பாதி விலைக்குத் திரளி பேசி வாங்கி,
மோட்டார்சைக்கிளுக்குக் காற்றும் அடித்து வருவான்.
நான் திரையைப் பார்த்தபடி இருப்பேன்.
ஆயிரத்து நானூறு கோப்புகள்
நேற்றைப் போலவே இன்றும்
ஒவ்வொன்றாய்ப் பிறந்துகொண்டிருக்கும்.
நேற்றுப் பிறந்தவைதானே.
ஒரு கால்புள்ளிகூட மாறவில்லையே.

சித்திரையில் ஒரு ஞாயிறு,
ஃபான் சுடுகாற்றைக் கிண்டிக்கொண்டிருக்க
எழுதி முடித்தேன்:
உள்ளே போகிற எல்லாவற்றுக்கும் கைரேகை எடு.
கோப்புக்கு, அது கூப்பிடுகிற கோப்புக்கு,
தொகுப்பியின் பதிப்பு இலக்கத்துக்கு.
ரேகைகளைப் பிசைந்து ஒரு சாவி ஆக்கு.
அந்தச் சாவிக்கு வட்டில் அறை இருந்தால்
திற, எடுத்துக் கொடு.
இல்லையென்றால் மட்டும் வேலை செய்.
செய்ததைப் பூட்டி வை.

திங்கள் காலை ஐம்பது செக்கன்.
ஹெல்மெட்டைப் பாதி போட்டபடி நின்றான் றெஜினோல்ட்.
"அப்ப நான் எப்பயடா ரீ குடிக்கிறது?"
பத்தரைக்குக் கரண்ட் போனது.
வந்தது.
விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.
வேணுகா கைதட்டினாள்.
நான் அடக்கமானவன் போல
கீபோட்டைத் துடைத்தேன்.

செவ்வாய் அரைநாள் லீவு.
அம்மாவைக் கச்சேரிக்கு ஏற்றிப்போனேன்.
ஏழாவது தடவை. புதிய அலுவலகம், புதிய படிவம்.
பெயர். பிறந்த திகதி. கடைசியாகக் கண்ட இடம்.
வட்டுவாகல் பாலத்தடி.
உடுத்திருந்தது?
நாவல் நிறச் சேட், கறுப்புக் காற்சட்டை.
எழுதிக்கொண்டிருந்த பெட்டை நல்லவள்,
தன் தண்ணீர்ப் போத்தலை அம்மாவிடம் நீட்டினாள்.
எனக்கோ வாய்வரை வந்தது:
தங்கச்சி, இதில் எதுவும் மாறவில்லை.
ஆறு அலுவலகம் இதை எழுதி எடுத்தது.
எங்கேயாவது ஒரு அலுமாரியைத் திறந்து பாருங்கோ.

அப்போது அம்மா சொன்னா:
"மேல் பொத்தான் மட்டும் வேற.
அறுந்து போச்செண்டு
பங்கருக்குள்ள வைச்சு நான்தான் தைச்சனான்."
ஆறு படிவத்திலும் இல்லாத பொத்தான்.
பெட்டை பேனையைத் தூக்கி
எதிலே எழுதுவது என்று தேடினாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினாள்.

வெள்ளி இரவு ஒஸ்லோவிலிருந்து அழைப்பு.
வரி கூடிவிட்டதாம்,
எங்கள் பக்கம் இன்னும் பழைய விலைதான் காட்டுதாம்.
தேடினேன்.
வரி வீதம் எந்தக் கோப்பிலும் இல்லை.
கட்டுகிற நேரத்தில்
சேவரின் ஒரு மூலையிலிருந்து படிக்கப்படுகிற இலக்கம்.
அதற்கு நான் ரேகை எடுக்கவில்லை.
ஆகவே சாவி அதே சாவி,
அறையும் திறந்தது,
சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல்
ஐம்பது செக்கனில்
பொய்யைக் கொண்டுவந்து வைத்தது.

"பிழை என்னிலதான்," என்றேன்.
அவர்களுக்கு அது எந்த மொழியிலும் போதவில்லை.

சனி காலை, அந்த இலக்கத்தையும் சாவியில் சேர்த்தேன்.
ஆனாலும் மனம் கேட்கவில்லை.
வேறெதை மறந்தேனோ, யாருக்குத் தெரியும்.
ஒரே கட்டளை.
பன்னிரண்டு கிகாபைட் அறைகள்,
எல்லாம் போயின.
கட்டு என்றேன்.
கோப்பு ஒன்று.
கோப்பு இரண்டு.

றெஜினோல்ட் பாட்டோடு படி இறங்கினான்.
கீழே யாரோ கம்பி வெட்டும் சத்தம்.
நாற்பத்தொரு நிமிடம் இருந்தது.
அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.
"மேல் பொத்தான் என்ன நிறம், அம்மா?"

கொஞ்சநேரம் சத்தமில்லை.
பிறகு கதிரை இழுபடுவது கேட்டது.
இருந்துகொண்டு
சொல்லத் தொடங்கினா,
முதலிலிருந்து.