இரவல் கை

மாவுக்கட்டுக்குள் என் வலது கை
ஆறு வாரம் சும்மா கிடக்கட்டும் என்றார் டாக்டர்.
சும்மா கிடக்க அதற்குத் தெரியாது.
உள்ளே விரல்கள் எதையோ
அரிந்துகொண்டே இருக்கின்றன.

டாங்கராவில் புத்தாண்டுக்கு இரண்டு நாள்.
"நீ வாயால் சமை, நான் கையால் சமைக்கிறேன்" என்றான் தின்ஃபோ,
முப்பத்தொரு வருஷத்தில்
தீப்பெட்டி தேடி மட்டுமே
அடுப்படிக்கு வந்தவன்.

பன்றியின் வயிற்றுப்பாகம், ஒன்றரைக் கிலோ.
கொழுப்பும் சதையும் ஐந்தடுக்கு.
அதையெல்லாம் அவன் பார்க்கவில்லை,
தோலை மட்டும் கட்டைவிரலால் நீவினான்.
"நல்ல தோல்."
பதினெட்டு வயதிலிருந்து எருமைத்தோல் பார்த்த விரல்.
ஷெட்டுகள் ஊருக்கு வெளியே போனபின்
சீன ஓட்டல்களுக்கு சாஸ் பாட்டில் சுமக்கிற விரல்.
உலகம் தோலை எறிந்து சுளையைத் தின்னட்டும்,
இந்த வீட்டுக்குத் தோல்தான் சுளை.

இஞ்சி தட்டிப்போட்டு வேகவிடு என்றேன்.
"எவ்வளவு நேரம்?"
பதம் வரும்வரை.
"பதம் எனக்குத் தெரியும்" என்றான்.
அவனுக்குத் தெரிந்தது வேறு பதம்.
சுண்ணாம்புத் தொட்டியில்
முழங்கை வரை இறங்கி அறிகிற பதம்.
நான் திருத்தவில்லை.

வெந்த தோலில் துளை போடு, முள்கரண்டியால்.
பரணில் தகரடப்பாவைத் துழாவி
பழைய குத்தூசியோடு இறங்கிவந்தான்.
கொதிநீரில் மூன்று தரம் கழுவவைத்தேன்.
பிறகு பார்த்தால்,
வரிசை தப்பாமல், ஆழம் மாறாமல்,
தூறல் நின்ற மணல்போல அத்தனை துளை.
இத்தனை வருஷம் நான் குத்தியதெல்லாம்
கோழி கிளறியது.
சொல்லவில்லை. சொன்னால்
தெருமுனைக் கடைவரை போய்விடும்.

சோயா பூசி, தோல் கீழாக, எண்ணெயில் விட்டான்.
சட்டி வெடித்தது.
மூடியைக் கேடயமாகப் பிடித்து அவன் பின்வாங்க
எதிர்வீட்டு புலு ஜன்னலில் எட்டி
"காக்கிமா, இப்பவே பட்டாசா?" என்றாள்.

கடுகுக்கீரை, நான் நவம்பரில் உப்பிட்டது.
மொட்டைமாடிக் கொடியில்
சட்டைகளுக்கு நடுவே உலர்ந்தது.
மூன்று தரம் அலசு என்றேன்.
குழாயடியிலிருந்து
"ஆச்சு, ஆச்சு" என்று மட்டும் கேட்டது.

துண்டு போட்டு, தோல் அடியில் இருக்க
கிண்ணத்தில் சரித்து அடுக்கி
மேலே கீரையை அமுக்கி
ஆவியில் இரண்டு மணி நேரம்.
கரண்ட் போனது.
அடுப்பின் நீல வெளிச்சத்தில்
ஒரு சாப்பாட்டுக் குச்சியை மாவுக்கட்டுக்குள் விட்டு
அரிக்கிற இடத்தைச் சொறிந்துவிட்டான்.
இன்னும் கீழே. இடப்பக்கம். அங்கேதான்.
அப்போதும் வாயால்தான்
சமைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஹக்கா பேச்சில்
இந்தக் கறியின் பெயரிலேயே கவிழ்ப்பது இருக்கிறது.
தட்டால் மூடி, ஒரே மூச்சில் திருப்பவேண்டும்.
தயங்கினால் குழம்பெல்லாம் காலில்.
தயங்கினான்.
ஈரத்தோல் கட்டுகளை லாரியில் எறிந்த ஆள்.
தட்டின்மேல் என் இடது கையை வைத்தேன்,
கிண்ணத்தின் அடியில் துணி சுற்றிய அவன் கைகள்.
மொத்தம் மூன்று.
மூன்று எண்ணித் திருப்புவோம் என்றேன்.
இரண்டிலேயே திருப்பிவிட்டான்.

கிண்ணத்தைத் தூக்கியதும்
பழுப்பாய், நடுங்கிக்கொண்டு, ஒரு சிறிய குன்று.
கைப்பக்குவம் என்கிறார்கள்.
எந்தக் கை என்று
யாரும் கேட்டதில்லை.

இடது கையில் குச்சி நிற்கவில்லை.
அவனே ஒரு துண்டை என் சோற்றின்மேல் வைத்தான்.
தோல் நாக்கில் பட்டதும் கரைந்தது.
கொழுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.
அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
தரம் பிரிக்கிறவன் முன்னால்
தோலை விரித்துவிட்டு நிற்பதுபோல.

பல்லில் நறுக்கென்றது மணல்.

"இரண்டு தரம்தானே அலசினாய்?" என்றேன்.
இன்னொரு துண்டுக்குக் கிண்ணத்தை நீட்டியபடி.