ஆமை வேகம்

நாற்பது நொடிக்கொரு முறை கத்துகிறது.
அணைத்தாலும் கத்துகிறது.
போர்வை போட்டு மூடினால்
போர்வைக்குள்ளிருந்து கத்துகிறது.
முதல் வாரமே பூனை வீட்டைக் காலிசெய்துவிட்டு
எதிர்வீட்டு ஓரினிடம் போய்விட்டது.

என் சக்கர நாற்காலிக்கு என்ன குறையென்று
அதற்குத் தெரியும்.
பிழை 1107 என்று திரையில் எழுதிக்கூடக் காட்டுகிறது.
1107 என்றால் என்னவென்று
என்னிடம் சொல்லக்கூடாதாம்.

தொலைபேசியில் ஒரு பெண்.
எங்கோ வெயிலூரில் இருக்கிறாள்,
பின்னால் மின்விசிறி ஓடுகிறது.
"ஆள் வருவார், மிஸ் ஹாபலா,
ஏழிலிருந்து ஒன்பது வாரத்துக்குள்.
அதுவரை எதையும் கழற்றவேண்டாம்."
பிறகு அதே பியானோ.
பதினான்காம் நொடியில் அதில் ஒரு சுரம் தப்புகிறது.
அதையாவது யாராவது சரிசெய்யலாம்.

டுலூத்தில் ஏப்ரலிலும் பனி.
என் தெரு ஏரியைப் பார்த்து வழுக்கி இறங்குகிறது.
ஜன்னலில் இரும்புத்தாதுக் கப்பல்கள்.
அவற்றில் ஒன்றில்
இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் நான்.
நவம்பர்ப் புயலில்
ஏரியே எழுந்து தளத்தில் ஏறிய இரவில்
நானூற்று நாற்பது வோல்ட் மோட்டாரைப் பிரித்துப்போட்டு
பல்லில் டார்ச்சைக் கடித்தபடி
மறுபடி ஓடவைத்தேன்.
"ஓடுதா?" என்றார் கேப்டன்.
"ஓடுது" என்றேன்.
அவ்வளவுதான் பேச்சு.
ஏணியிலிருந்து நான் விழுந்தது பிறகு, அது தனிக்கதை.

இது வெறும் இருபத்துநாலு வோல்ட்.

காப்பீட்டுக்காரர்கள் ஐந்து மாதம் யோசித்துவிட்டு
நாற்காலி உன்னுடையது என்றார்கள்.
மெத்தை என்னுடையதுதான்.
சக்கரத்துச் சேறும் என்னுடையது.
உள்ளே போகும் வழி மட்டும் கம்பெனியுடையது.
அடிமூடியில் நான்கு திருகு,
ஒவ்வொன்றின் தலையிலும் ஐந்துமுனை நட்சத்திரம்,
நட்சத்திரத்தின் நடுவே ஒரு முளை.
என் பெட்டியிலிருக்கும் எதுவும் நுழையாது.
யாரோ ஒருவன் மேசையில் உட்கார்ந்து
என் கையை மனத்தில் வைத்துக்கொண்டு
அந்த முளையை வரைந்திருக்கிறான்.

காப்பித்தூள் மேல் அலமாரியில்.
குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை.
இடுப்புக்குக் கீழே
நாணயமளவு ஒரு சிவப்பு, கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
எனக்கு வலிக்கவில்லை.
வலிக்காது என்பதுதான் பயம்.

ஐம்பத்தோராம் நாள்
ஓரின் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
பனி வாரும் இயந்திரங்களைப் பிரித்துப் பிரித்தே
விரல் தடித்தவன். அவனுக்குக் கை அரித்தது.
"குடைஞ்சு எடுத்துரட்டுமா?"
"நீ பிடிச்சுக்கோ. நான் குடையுறேன்."

நான்கு முளையும் தூளாயின.
உள்ளே,
சாலையில் தூவிய உப்பு தின்ற ஒரு கம்பி.
பச்சை பூத்து, மயிரிழை அளவு விட்டிருந்தது.
ஈயம் உருக்கிப் பற்றவைக்க
நான்கு நிமிடம்.
அதில் ஒரு நிமிடம்
மூக்குக்கண்ணாடியைத் தேடியது.

ஓடியது. ஓரின் கைதட்டினான்.
உடனே திரையில் எழுத்து வந்தது:
அங்கீகாரமற்ற பழுதுநீக்கம், வேகம் குறைக்கப்பட்டுள்ளது.
மூலையில் சின்னதாய் ஓர் ஆமைப் படம்.
கத்தலும் நிற்கவில்லை.
கத்துகிற வில்லையை இடுக்கியால் பிடுங்கி
பூனை முன்னால் வைத்தேன்.
முகர்ந்து பார்த்துவிட்டு
என் மடியில் ஏறிக்கொண்டது.

இன்று காலை சுப்பீரியர் தெருவைக் கடந்தேன்.
நடுத்தெருவில் நான் இருக்கும்போதே
விளக்கு மாறிவிட்டது.
ஒரு பால் லாரி நின்றது.
பள்ளிப் பேருந்து நின்றது, பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.
அதற்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன்,
பக்கவாட்டில் கம்பெனியின் பெயர்.
ஹாரன் அடித்தான்.
பாவம், எட்டரைக்கு
மிஸ் ஹாபலா வீட்டில் இருக்கவேண்டும் அவன்.

கைப்பிடியை முழுசாகத்தான் தள்ளிவைத்திருக்கிறேன்.
இன்னும் பாதித் தெரு மீதி.